ஒரு சாண் காற்று

காற்றுக்கு விலை கிடையாது என்பார்கள். நான் ஒரு சாண் காற்றை இரண்டு பவுனுக்கு விற்றிருக்கிறேன், ஐயா. அதுவும் ஜப்பான்காரன் காலத்தில், அவன் அடித்த நோட்டை மீன்காரன்கூட முகம் சுளித்து வாங்கியபோது.

காஜா பேராங் பெரிய ரோட்டில் கீழே கடை, மேலே குடித்தனம் என்று ஒட்டி நிற்கும் ஆறு கட்டடங்களும் நான் வரைந்தவை. பக்கச் சுவர் பொது, கூரை ஒன்று, முன்னால் ஜனம் நடக்க அஞ்சடி அகல நடைபாதை, அதற்குப் பேரே அஞ்சடி. ஒன்றுக்குத் தீ வைத்தால் ஆறும் போகும். இதை மனத்தில் வையுங்கள்.

மூன்றாவதில் பொன்னுதுரை மாஸ்டர். திருட்டு ரேடியோ கேட்டவர். ஜப்பான் இராணுவப் போலீஸ் தேடியது. ஒளித்தது தெரிந்தால் வீட்டையே கொளுத்துவான். அவர் மனைவி கமலவேணி வளையல்களைக் கழற்றித் தந்தார். மாடியில் ஒரு சுவருக்கு முன்னால் இன்னொரு சுவர் எழுப்பி, இடையில் மாஸ்டரை வைத்தேன். சோறும் காற்றும் போக, உள்முற்றத்துப் பக்கம் ஒரு சாண் ஓட்டை.

பிறகு மாஸ்டருக்கு இருமல் வந்தது.

"அஜீஸ் நானா, அஞ்சடி வரைக்கும் கேக்குது." கமலவேணிதான். " பசாருக்குப் போற சிப்பாய்ங்க காதுல விழும். எப்படியாச்சும் நிப்பாட்டுங்க."

"அந்த ஓட்டையிலதான் வேலை. தனி ரேட்டும்மா, அரைப் பவுன்."

"இந்த நேரத்துலயும் யாவாரமா?"

"இல்லன்னா நான் அஜீஸே இல்ல. செமாபோக்குல உங்க அக்கா வீட்டுல ரெண்டு நாள் இருந்துட்டு வாங்க."

துணிக்கடையில் வளர்ந்தவன் நான். வாங்க வந்தவர் கேட்ட அளவில் ஒரு விரற்கடை குறைக்க மாட்டோம். நிறுத்தச் சொன்னார்.

சுண்ணாம்புச் சாந்தோடு ஏறினேன்.

"கைய எடுங்க நானா, வெளிச்சத்த மறைக்குது" என்றார் மாஸ்டர், உள்ளேயிருந்து.

"கொஞ்சம் பொறுங்க மாஸ்டர், ஓரத்த நேராக்குறேன்."

செங்கற்கள் ஓட்டைக்கு அளவாக உட்கார்ந்தன. பூசி, மட்டம் பார்த்து இறங்கினேன். சிறிது நேரம் தட்டினார். அஞ்சடியில் நின்று காது கொடுத்தேன், ஒன்றும் கேட்கவில்லை.

வாக்குமூலத்தில் கொலை என்று எழுதுகிறீர்கள், ஐயா. எழுதிக்கொள்ளுங்கள், அடைத்தது நான்தான். ஆனால் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆறு கட்டடங்களும் நிற்கின்றன. ஜப்பான்காரன் கடைசிவரை எங்கள் வரிசைப் பக்கம் சோதனைக்கே வரவில்லை. பூச்சு அவ்வளவு திடம்.

சுவருக்கும் ஓட்டைக்கும் இரண்டு பவுன், வந்தாயிற்று. ஓட்டையை அடைத்த கூலி அரைப் பவுன், கமலவேணியிடம் பாக்கி.