ரொஹான் பேசிட்டான்

அந்தக் கதிரை வேணாம் மிஸ், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. உங்க ஃபோன மேசையில சாத்தி வச்சிக்கோங்க, இந்தப் பக்கந்தான் வெளிச்சம் நல்லா வரும். என்ன, வீடியோ எடுக்கத் தொடங்கிட்டீங்களா? இருங்க, இருங்க. கொஞ்சம் பேசிட்டு எடுப்போமே. எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல.

ரொஹானா? உள்ள தூங்குறான். எழுப்ப வேணாம் மிஸ், பாவம். தானா முழிக்கட்டும்.

கம்பளையா நீங்க? அங்கேருந்து டொக்டரோட கிளினிக்குக்குத் தினம் பஸ்ல வர்றதா! எங்க வீட்டுக்காரரு ஸ்கூலுக்குப் போயிட்டாரு. கிறகரி மாஸ்டர்னா அம்பிட்டியில எல்லாருக்கும் தெரியும். நேத்து ஸ்டாஃப் ரூம்ல கேக் வெட்டினாராம். மகன் பேசிட்டான்னு பியூன் வரைக்கும் குடுத்தாராம். ஏழு வருஷமா அந்த மனுஷன் சிரிச்சு நான் பாத்ததில்ல.

முன்ன எப்படி இருந்தான்னு சொல்லணுமா? சொல்றேன். பேரச் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டான். ஃபேன் சுத்துறதையே பாத்துக்கிட்டு நிப்பான். பெரியாஸ்பத்திரியில காட்டினோம், ஓட்டிசம்னாங்க. அங்க பேச்சு சொல்லிக் குடுக்குற மிஸ் தங்கமான மனுஷி, குறை சொல்லக் கூடாது. ஆனா ஒருக்கா போனா மறு தடவைக்கு மாசக்கணக்குல காத்துக் கெடக்கணும். பேசுவானா மிஸ்னு கேட்டா, பாப்போம் அம்மாம்பாங்க. எல்லாரும் பாப்போம்தான். கோயில்ல ஃபாதரும் பாப்போம். மாமியார் மட்டும் பாப்போம்னு சொல்லல்ல, என் வயித்தத்தான் குத்தம் சொன்னாங்க.

உங்க டொக்டர் ஒருத்தருதான் மிஸ், என் மூஞ்சிக்கு நேரா, பேசுவான்னு சொன்னாரு. அந்த ஒத்தச் சொல்லுக்கு நான் என்ன வேணும்னாலும் செய்வேன். செஞ்சேன்.

பஞ்சுக் குச்சிய வாய்க்குள்ள விட்டுக் கன்னத்துல தடவி எடுத்தாங்களே, அன்னைக்குக் கடிச்சுப்புட்டான். அவங்கப்பா தலையப் புடிச்சாரு, நான் கையப் புடிச்சேன். அது வெளிநாட்டுக்குப் போயி மரபணு ரிப்போட்டா வந்துச்சு. இந்தப் புள்ளையோட ஒடம்பு மத்தப் புள்ளைங்க ஒடம்பு மாதிரி இல்ல, இவனுக்குன்னே தனிச் சாப்பாடுன்னாரு டொக்டர். ரிப்போட்டுல செவப்பு போட்டதெல்லாம் ஆகாது, பச்சை போட்டது மருந்து.

செவப்புல என்ன இருந்துச்சு தெரியுமா? வெள்ளைச் சோறு, பருப்பு, முட்டை, யோகட். அவன் தின்னுறதே அந்த நாலுந்தான் மிஸ்! வேற எதக் குடுத்தாலும் மோந்து பாத்துட்டுத் தள்ளிருவான். பச்சையில குரக்கன் மாவு, பூசணி, என்னென்னமோ கீரை. அரைச்சுக் குடுத்தேன். உருண்டை புடிச்சுக் குடுத்தேன். பாட்டுப் பாடிக்கூடக் குடுத்தேன். துப்புவான். டொக்டருக்குப் போன் எடுத்து அழுதேன். மூளை தொறக்குற நேரம் இது, விட்டுக் குடுத்துறாதீங்க அம்மான்னாரு.

விட்டுக் குடுக்கல்ல. சாப்பாடு வைக்கிற குசினி அலுமாரிக்கு அவங்கப்பா பூட்டு வாங்கிப் போட்டாரு. நாங்க ரெண்டு பேரும் அவன் கண்ணுல படாம கக்கூஸுக்குப் பக்கத்துல நின்னு தின்னோம். பக்கத்து வீட்டு றம்லத் அக்கா கஞ்சி கொண்டு வந்தாங்க, வாசல்லயே திருப்பி அனுப்பினேன். ஒருநாள் ஆளக் காணோம்னு தேடினா, அவங்க கோழிக்கு வச்ச சோத்த அள்ளி அள்ளித் தின்னுக்கிட்டு நிக்கிறான். வாய்க்குள்ள விரல விட்டுத் தோண்டி எடுத்தேன் மிஸ். இந்தக் கையால.

கோயில்ல பூசையில நன்மை அப்பம் குடுக்குற நேரம், லைன்ல பூந்து ஓடி ஃபாதர் கையில இருந்த கிண்ணத்தையே புடிச்சு இழுத்தான். அப்பங்க எல்லாம் கீழ செதறிப் போச்சு. சனங்க சிரிச்சாங்க. புள்ளைக்கு என்னா பக்தின்னு ஒரு அம்மா சொன்னாங்க. நான் குனிஞ்சு பொறுக்கிக்கிட்டிருந்தேன். அவன் அதுக்குள்ள ஒண்ண வாயில போட்டுட்டான். அதுவும் செவப்புல இருக்குற கோதுமை மாவுதானே. ஆண்டவரோட ஒடம்பாச்சே, அத எப்படி மிஸ் தோண்டி எடுக்குறது?

இல்ல, அழல்ல. அத வீடியோவுல வைக்காதீங்க. அழிச்சிருங்க.

ஞாயித்துக்கிழமைதான். அவரு முன்னுக்குப் பேப்பர் பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் பின்னால உடுப்புத் தொவைச்சேன். யாரோ என் கையப் புடிச்சாங்க. திரும்பினா இவன். என் கண்ண நேராப் பாக்குறான். பாக்கவே மாட்டான் மிஸ், பொறந்ததுலேருந்து பாத்ததில்ல. சவர்க்காரக் கையோட இழுத்துக்கிட்டுப் போயி, என் கையத் தூக்கித் தன் வயித்துல வச்சான். எலும்புதான் தட்டுப்பட்டுச்சு. அப்பந்தான் வாயத் தொறந்தான். தெளிவா, நீங்களும் நானும் பேசுற மாதிரி.

என்னது? அம்மான்னு எப்படிச் சொன்னான்னா? அம்மான்னு சொன்னதா யாரு சொன்னது? ஓ. அவரு போன்ல அப்படிச் சொன்னாரா டொக்டர்கிட்ட.

அவரு பொய் சொல்ற ஆள் இல்ல மிஸ். சத்தத்துக்கு ஓடி வந்தாரு, நல்லாத்தான் கேட்டாரு. வெளிய சொல்ல வாய் வரல்ல போல.

பசிக்குதுன்னான்.

பசிக்குது. அவ்வளவுதான்.

பூட்ட ஒடைச்சேன். சோறும் பருப்பும் முட்டையும் கொழைச்சு ஊட்டினேன். தட்ட நக்கினான். அன்னைக்கு நாலு தடவ தின்னான், நேத்தும் தின்னான். அதான் இப்படித் தூங்குறான். அதுக்கப்புறம் ஒரு சொல்லு பேசல்ல மிஸ். கெஞ்சிப் பாத்துட்டோம். கண்ணையும் பாக்கல்ல. மறுபடி ஃபேனத்தான் பாக்குறான். சாப்பாட்டு முறையாலதான் பேச்சு வந்துச்சு, நீ கெடுத்துட்டன்னு சொல்லிக்கிட்டு அவரு ராத்திரி முழுக்கத் தூங்கல்ல. எனக்குத் தெரியல்ல. அந்தக் குரல் இன்னும் காதுலயே நிக்குது, அவ்வளவு அழகான குரல் மிஸ். இன்னொருக்கா கேக்கணும் போல இருக்கு.

எதுக்குப் போன எடுத்து பையில வைக்கிறீங்க? உக்காருங்க. நீங்க டொக்டர் பக்கத்துல இருக்கிறவங்க, உங்களுக்குத் தெரியும். அடுப்புல உலை கொதிக்குது. அரிசி போடவா, வேணாமா? சொல்லுங்க மிஸ்.