அம்புக்குறி இல்லாத காடு

நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று காபியில் சர்க்கரை கூடிவிட்டது. ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்ததைப் பார்த்தேன். வேறு போட்டுத் தரட்டுமா என்று கேட்க நினைத்தேன். வாய் வரவில்லை. புதியவர்களிடம் எனக்குப் பேச வராது. அதிலும் காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண்ணை அன்றுதான் அத்தனை பக்கத்தில் பார்க்கிறேன். சட்டையில் சண்முகவள்ளி என்று பெயர் குத்தியிருந்தீர்கள்.

"உனக்கு ஏதாச்சும் தெரியுமாம்மா?" என்று கேட்டீர்கள். தலையை ஆட்டினேன். தெரியாது என்று எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டீர்கள்.

பேசத்தான் வராது. எழுத நன்றாக வரும். அதனால் எழுதுகிறேன்.

என் அண்ணன் தவசி கரிமூட்டத்தில் விழுந்து வெந்துபோனதற்காக, மூட்டம் போட்ட சின்னக்கருப்பனை நீங்கள் உள்ளே வைத்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. கருவேலம் வெட்டுகிற விஷயத்தில் எங்கள் அய்யாவுக்கும் அவருக்கும் முன்பே வாய்த்தகராறு. அந்தக் கோபத்தில் வேண்டுமென்றே எச்சரிக்கை அடையாளம் வைக்காமல் விட்டார் என்று அய்யா எழுதிக் கொடுத்தார், நீங்களும் வாங்கிக்கொண்டீர்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கம்ப்யூட்டரில் இருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். யாரும் நிறுத்தவில்லை. எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொல்வார்கள். எழுந்து நிற்பேன், வாசிப்பு வராது. ஒரு திங்கட்கிழமை போகாமல் இருந்து பார்த்தேன். அந்த வாரம் முழுக்க ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த வாரம் மிளகாய்ப்பழம் எடுப்புத் தொடங்கிவிட்டது. அவ்வளவுதான் என் படிப்பு.

அண்ணன் பிளஸ் டூ பாஸ் செய்ததும் அய்யா மதுரையில் இருந்து ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். வேறு இடம் இல்லாததால் மிளகாய் மூட்டை கிடக்கிற அறையில் வைத்தோம். அண்ணன் விளையாடுவான், நான் பின்னால் உட்கார்ந்து வற்றலுக்குக் காம்பு கிள்ளுவேன். நெடியில் தும்மிக்கொண்டே திரையில் குதிரை ஓட்டுவான். கமுதி பஸ் ஸ்டாண்டில் சி.டி. கடை வைத்திருக்கும் ஹமீது சுல்தான்தான் அந்த விளையாட்டைக் கொடுத்தாராம். "இதுல எங்கன வேணாலும் போகலாம் தம்பி. ஏன்னு கேக்க ஒரு ஆள் கிடையாது" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

உண்மைதான். அது ஒரு முழு தேசம். மலை, ஆறு, சத்திரம், இடிந்த கோட்டை, ஓரத்தில் கடல். கடலுக்குள் குதிரையை இறக்கினால் மட்டும் ஒரு பனிமூட்டம் வந்து, ஆளைப் பதமாகத் திருப்பி விட்டுவிடும். சுவர் என்று எதுவும் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கும். மற்றவர்கள் சண்டையைப் பார்ப்பார்கள். நான் எதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஆள் வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் ஒற்றை மரம் தனியாக நிற்கும். ஊர் வருவதற்கு வெகு முன்னாலேயே புகை தெரியும். நான்கே நான்கு மரங்களைத் திருப்பித் திருப்பி நட்டு ஒரு காட்டையே உண்டாக்கியிருந்தார்கள். கிணற்றடியில் ஒரு பெண் குடத்தோடு போவாள், வருவாள், மறுபடி போவாள். அவளிடம் யாரும் பேச வேண்டிய தேவையே இல்லை. அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

திரையின் இடது மூலையில் சின்னதாக ஒரு வட்டம், அதற்குள் மஞ்சள் அம்புக்குறி. போக வேண்டிய திசையை அது காட்டும். அண்ணன் அந்த வட்டத்தைத்தான் விளையாடினான். அத்தனை பெரிய தேசமும் அவனுக்கு வட்டத்தைச் சுற்றி ஒட்டிய காகிதம்.

"அண்ணே, அந்த ஊர்ல நெலா ரெண்டு இருக்குல்ல" என்றேன் ஒருநாள்.

"எங்கன?"

"மேல."

"மேல எவன் பாக்குறது. காம்ப ஒழுங்காக் கிள்ளு புள்ள."

அப்போது அவன் இரண்டு மாதமாக விளையாடிக்கொண்டிருந்தான்.

சரி, சோதித்துப் பார்ப்போம் என்று மறுநாள் அவன் சாப்பிடப் போன நேரத்தில், திரையில் அந்த வட்டத்தின் மேல் ஆத்தாவின் பெரிய ஸ்டிக்கர் பொட்டுகளை நெருக்கமாக ஒட்டி வைத்தேன். கம்ப்யூட்டர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டே விளையாடினான். அவனுக்கு நேர் எதிரே ஊர் இருந்தது. புகை இருந்தது, கோயில் மணி கேட்டது. அரைமணி நேரம் ஒரு பாறையையே சுற்றிச் சுற்றி வந்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பொட்டைக் கண்டுபிடித்ததும் தலையில் ஒன்று போட்டான். வலிக்கவில்லை. பெரிய விஷயம் ஒன்றைத் தெரிந்துகொண்டால் வலி அவ்வளவாகத் தெரியாது. மஞ்சளாக ஏதாவது காட்டினால் மனிதர்கள் உலகத்தைப் பார்ப்பதை விட்டுவிடுவார்கள். நோட்டில் எழுதிவைத்தேன்.

அதன்பிறகு நானே ஒரு விளையாட்டு வரைய ஆரம்பித்தேன், பள்ளிக்கூட நோட்டுகளில் மீதி இருந்த பக்கங்களில். தேசத்துக்கு எங்கே போவது, எங்கள் ஊர்க் கருவேலங்காட்டையே எடுத்துக்கொண்டேன். தினமும் ஆடு பத்திக்கொண்டு போகிற காடு, எனக்கு அங்கே தெரியாத முள் கிடையாது. எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிற அபிராமம் செல்போன் டவர்தான் கோட்டை. கண்மாய் மடைதான் எல்லை. என் விளையாட்டில் வட்டமும் இல்லை, அம்புக்குறியும் இல்லை. பறவை எழும்புகிற பக்கம், காற்றில் வருகிற வாசனை, ஆடு ஒதுங்கிப் போகிற தடம், இவற்றைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். பார்க்கத் தெரிந்தவர்களுக்கு மட்டுமான விளையாட்டு. பன்னிரண்டு பக்கம் வந்தது.

அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் அண்ணன் கிழித்துக்கொண்டு போய், மதுரையில் விளையாட்டு வடிவமைப்புச் சொல்லித் தருகிற ஒரு இடத்தில் தன்னுடையது என்று காட்டிச் சேர்ந்துவிட்டான். சந்தோஷமாகத் திரும்பி வந்தான். எனக்குப் பால்கோவா கூட வாங்கி வந்தான்.

"அந்தச் சாரு என்ன கேட்டாரு தெரியுமா? படமெல்லாம் நல்லாருக்கு, போறவன் எப்பிடிப்பா போவான், அம்பே காணோமேன்னாரு. அங்கனயே உக்காந்து பூராத்துக்கும் போட்டுக் குடுத்துட்டேன்ல."

பக்கங்களைத் திருப்பிக் கொடுத்தான். பன்னிரண்டிலும் சிவப்பு ஜெல் பேனாவால் தடித்தடியாக அம்புக்குறி.

"மூஞ்சிய ஏன் தூக்கி வச்சிருக்க? நாம ரெண்டு பேரும் ஒண்ணுதான புள்ள. நீ என்ன மதுரைக்கா போகப்போற?"

அவன் சொன்னது சரிதான். நான் மதுரைக்குப் போகப்போவதில்லை. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை என்பதை இங்கே தெளிவாக எழுதிவிடுகிறேன், பின்னால் யாரும் வேறு மாதிரி நினைக்கக் கூடாது. பால்கோவாவையும் சாப்பிட்டேன்.

வகுப்புத் தொடங்குவதற்கு முன் அந்தக் காட்டை வீடியோ எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். கேமரா உள்ள செல்போன் ஒன்றை இரவல் வாங்கிவிட்டான். ஆனால் எந்த இடம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஊரை ஒட்டி இருக்கிற காடு, அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. "நீ கூட வந்து காட்டு" என்றான்.

"நான் எதுக்கு. துணி கட்டி வைக்கிறேன். துணியப் பாத்தே போ" என்றேன்.

"மஞ்சத் துணியாக் கட்டு. அப்பத்தான் தெரியும்" என்றான். மஞ்சள் என்பது அவன் சொன்னது.

கரிமூட்டம் உங்களுக்குப் பழக்கம் இருக்குமோ என்னவோ. கருவேலங்கட்டையை அடுக்கி, வைக்கோலும் ஈரமண்ணும் பூசி மூடி, உள்ளே நெருப்பு வைப்பார்கள். நாள் கணக்கில் வேகும். கடைசியில் துளைகளை அடைத்து ஆறப் போடுவார்கள். அப்போது புகை வராது. கட்டை வெந்து அமுங்கி, முழங்கால் உயரத்தில் சும்மா ஒரு மண்மேடு போலக் கிடக்கும். மேலே இருப்பது பொருக்கு மண், கீழே முழுக்கத் தணல். அதனால் உச்சியில் சிவப்புத்துணி கட்டிய குச்சி ஒன்றை நட்டுவைப்பது இங்கே வழக்கம். சின்னக்கருப்பனும் நட்டிருந்தார். அவர் மனைவி ராக்குவின் பழைய சேலைக் கிழிசல்.

அந்த மூட்டத்தை நான் வைக்கவில்லை. அது அங்கே ஏற்கனவே இருந்தது. இருப்பதை வைத்து அமைப்பதுதான் நல்ல வடிவமைப்பு. ஆத்தாவின் மஞ்சள் சேலையைக் கிழித்துத் துணிகளைக் கட்டிக்கொண்டே போனேன். கடைசித் துணியை மூட்டத்துக்கு அந்தப் பக்கம் நேராகக் கட்டினேன். மூட்டத்தின் இரண்டு பக்கமும் வெட்டிப்போட்ட முள்ளை இழுத்து அடைத்தேன், கடலோரத்துப் பனிமூட்டம் மாதிரி. பிறகு ஆட்டுக்குத் தழை இழுக்கிற தொரட்டியை நீட்டி, உச்சியில் இருந்த குச்சியைப் பிடுங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். மஞ்சள் துணி பன்னிரண்டு கட்டியிருந்தேன். அது தற்செயல்.

நான் எடுத்தது ஒரு துணியை மட்டும்தான். மற்ற எல்லாமே அங்கே இருந்தன. மண்ணில் வெடிப்பு இருந்தது. மேட்டுக்கு மேலே காற்று நெளிந்துகொண்டிருந்தது. பக்கத்து மரத்தில் அந்தப் பக்கத்து இலை மட்டும் கருகியிருந்தது. கரிவாசனை இருந்தது. என் ஆடுகள் இருபது அடி தள்ளியே சுற்றிப் போயின. ஆடு கண்டுபிடித்துவிட்டதை ஒரு பிளஸ் டூ படித்தவன் கண்டுபிடிக்க முடியாதா?

காலை பதினொரு மணிக்கு வந்தான். அந்த நேரத்தில் சின்னக்கருப்பனும் ராக்குவும் கண்மாய்க்கரையில் கஞ்சி குடிப்பார்கள், அதையும் முன்பே நோட்டில் குறித்து வைத்திருந்தேன். நான் ஆடுகளோடு வரப்பில் நின்றேன். அண்ணன் செல்போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மஞ்சள் துணியாகக் கடந்து வந்தான். போனிடம் பேசிக்கொண்டே வந்தான். "இது நான் டிசைன் பண்ணின காடு. ஒவ்வொரு மரமும் நான் பாத்துப் பாத்து வச்சது" என்றான். குரல் தெளிவாகக் கேட்டது. நல்ல குரல் அவனுக்கு. பள்ளிக்கூடத்தில் எப்போதும் அவனைத்தான் வாசிக்கச் சொல்வார்கள்.

பதினோராவது துணியில் நின்றான். பன்னிரண்டாவதைப் பார்த்தான். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். வாய் வரவில்லை. என் சுபாவம் உங்களுக்குத் தெரியும், காபி விஷயத்திலேயே பார்த்தீர்கள்.

சத்தம் கேட்டு ஓடி வந்தது சின்னக்கருப்பன்தான். முழங்கைவரை தணலில் கையை விட்டுத் தூக்கினார். அவர் கை வெந்திருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சாயங்காலம் ஆடு பத்தப் போனபோது மஞ்சள் துணிகளை அவிழ்த்துக்கொண்டு வந்தேன். போன் உள்ளேயே எரிந்துவிட்டது.

தினமும் காலையில் ராக்கு வந்து எங்கள் வாசலில் நிற்கிறாள். "ஏத்தா முத்தழகு, எஞ் சேலையக் கிழிச்சுத்தான் நட்டாரு. நாந்தான் கிழிச்சுக் குடுத்தேன். ஒங்கண்ணன ஒரு வார்த்த சொல்லச் சொல்லு தாயி. புள்ளைகளுக்குச் சோறு பொங்கி மூணு நாளாச்சு."

ஆத்தா உள்ளே இருந்தே பதில் சொல்வாள். "நட்ட துணிக்குக் கால் மொளச்சு நடந்து போயிருச்சாக்கும். போடி அங்கிட்டு."

ராக்கு பொய் சொல்லவில்லை. அந்தச் சிவப்புத்துணி இந்த நோட்டுக்குள்தான் இருக்கிறது. எந்தப் பக்கத்தில் விட்டேன் என்று தெரிய வைத்திருக்கிறேன்.

அண்ணன் போன மாதம் மதுரை ஆஸ்பத்திரியில் இருந்து வந்துவிட்டான். இரண்டு கால்களையும் முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விட்டன, மவுஸ் பிடிக்க முடியாது. அதனால் இப்போது நான் விளையாடுகிறேன். அவன் பின்னால் கட்டிலில் படுத்துப் பார்க்கிறான். நான் விளையாடும்போது வட்டத்தின் மேல் பொட்டு ஒட்டிவிடுகிறேன், யாரும் திட்டுவதில்லை.

ஒருநாள் கேட்டான். "துணியப் பாத்துத்தான புள்ள போனேன்?"

"நீ செல்போனப் பாத்துல்ல போன" என்றேன்.

"ஆமா. நாந்தான் தடம் மாறிட்டேன் போல" என்றான். உங்களிடமும் அதையேதான் சொன்னான். அதற்கு மேல் அவன் எதுவும் கேட்கவில்லை.

முந்தாநாள் குதிரையை ஆற்றங்கரையில் நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தேன். பின்னால் இருந்து மெதுவாகச் சொன்னான். "ஏ புள்ள. மேல பாரேன். நெலா ரெண்டு இருக்கு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை நாளாக இதற்குக் காத்திருந்தேன். வேறு எவராலும் அவனுக்குப் பார்க்கக் கற்றுக் கொடுத்திருக்க முடியாது.

ஆகவே, குச்சியைப் பிடுங்கியது நான். முள்ளை அடைத்தது நான். வழி வைத்தது நான். சின்னக்கருப்பன் மேல் எந்தக் குற்றமும் இல்லை, அவர் நல்ல மனிதர், அவரைச் சீக்கிரம் விட்டுவிட வேண்டும். இந்த நோட்டு நிறைந்ததும் நானே ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து உங்கள் கையில் கொடுத்துவிடுவேன். அரைகுறையாக எதையும் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. இன்னும் நாற்பத்தாறு பக்கம் மிச்சம் இருக்கிறது. என் எழுத்து பொடி எழுத்து.