பேசும்போது குறுக்கிடக் கூடாது

எனக்கு டீயில் சர்க்கரை வேண்டாம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சர்க்கரை போடாதவனுக்குக் கலக்குகிற வேலை இல்லை. அதனால் உணவகத்து ஸ்பூன்கள் காணாமல் போன அந்த வாரத்தில் மற்றவர்கள் பட்ட அவதியை நான் படவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கு யார் மேலும் கோபம் கிடையாது. நிதானமாகத்தான் பேசுகிறேன்.

நீங்கள் மூன்று பேரும் என்னைச் சாட்சியாகத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள். தலைவர் நாற்காலியில் நிலவியல் பேராசிரியர் ஐயா, இந்தப் பக்கம் விடுதிக் காப்பாளர் அம்மா, அந்தப் பக்கம் தேர்தலை நடத்திய நூலகர் ஐயா. மூலையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறானே, அவன் பஞ்சு. குரல் பஞ்சு மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். உணவகச் செயலாளர் தேர்தலில் ஜெயிப்பதற்காக ஸ்பூன்களை எல்லாம் திருடிவிட்டு, பழியை எதிர் வேட்பாளர் தலையில் கட்டினான் என்பது அவன் மேல் உள்ள புகார். பதவியும் போகும், ஒரு வருடம் வீட்டுக்கும் அனுப்பிவிடுவார்கள் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். அந்த எதிர் வேட்பாளர் நான்.

கொஞ்சம் வீட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இருங்கள் ஐயா, ஸ்பூனுக்கு வருகிறேன்.

என் அப்பா ஏலம் விடுகிறவர். பழைய மேஜையோ, மூடிப்போன கம்பெனியின் மின்விசிறியோ, எது வந்தாலும் மூன்றாவது தரத்தில் சுத்தியலைத் தட்டி முடித்துவிடுவார். வீட்டிலும் அதே பழக்கம். சாப்பாட்டு மேஜையில் ஒருவர் பேசிக்கொண்டே மூச்சு வாங்க நிறுத்தினால் போதும். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம், முடிஞ்சுது" என்று தட்டிவிடுவார். பேச்சு அடுத்தவர் கைக்குப் போய்விடும். அம்மா பள்ளி ஆசிரியை. ஒரே மூச்சில் ஒரு பாடத்தை நடத்தி முடிப்பார். அக்கா வக்கீல். அவள் மூச்சு வாங்கியே நான் பார்த்ததில்லை. நான் யோசித்துப் பேசுகிறவன். எங்கள் வீட்டில் நான் ஒரு வாக்கியத்தையும் முற்றுப்புள்ளி வரை கொண்டுபோனது கிடையாது. பள்ளியில் முதல் பரிசு வாங்கிய அன்றைக்கு, "அப்பா, நான் இன்னிக்கு" என்பது வரைக்கும்தான் சொன்னேன். மீதியை அவர்கள் கோப்பையைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

அப்படிப்பட்டவன் இந்தக் கல்லூரிக்கு வந்து, தேர்தல் விதிகளை அறிவிப்புப் பலகையில் படிக்கிறேன். வேட்பாளர் மேடையில் பேசும்போது யாரும் குறுக்கிடக் கூடாது, குறுக்கிடுபவர் அரங்கத்தை விட்டு வெளியேற்றப்படுவார் என்று போட்டிருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உலகத்தில் இப்படி ஓர் இடமும் இருக்கிறதா என்று தோன்றியது. பட்டியலில் கடைசியாக இருந்த உணவகச் செயலாளர் பதவிக்கு அன்றைக்கே மனு கொடுத்தேன். எந்தப் பதவியாக இருந்தால் என்ன, மேடை ஒன்றுதானே.

பேச்சைத் தயாரித்தேன். ஆடுகிற மேஜைக்கால், வரிசையில் நடக்கும் தள்ளுமுள்ளு, டீயின் நிறம், எல்லாம் அதில் உண்டு. விடுதிக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று தினமும் பேசிப் பார்த்தேன். காப்பாளர் அம்மா ஒருநாள் கதவைத் தட்டி, "யாருப்பா உள்ள, ரெண்டு பேரா இருக்கீங்களா?" என்று கேட்டது அம்மாவுக்கே நினைவிருக்கும். நான் ஒருவன்தான். கைதட்டலையும் நானே தட்டிக்கொண்டிருந்தேன்.

மனுத்தாக்கல் முடிவதற்கு முதல் நாள் நூலகர் ஐயா என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அதிர்ஷ்டக்காரன்யா நீ. எதிர்த்து ஒருத்தரும் நிக்கல. போட்டி இல்லாத பதவிக்கு ஓட்டு, பேச்சு எதுவும் கிடையாது. நேரா போய் நாற்காலியில உக்காந்துக்க வேண்டியதுதான்."

"பேச்சு கிடையாதா சார்?"

"கிடையாதுப்பா. நிம்மதியா இரு."

நான் நிம்மதியாக இல்லை. போட்டி இல்லாத தேர்தல் ஒரு தேர்தலா? ஜனநாயகத்துக்கு இது அடுக்குமா? இதை நான் எனக்காக யோசிக்கவில்லை. பொதுவாகத்தான் யோசித்தேன்.

பஞ்சு என் பக்கத்து அறை. அவனைப் பார்த்து, "நீ சும்மா நில்லுடா, ஜெயிக்கவே வேணாம்" என்றேன்.

"பேசணுமா?"

"ரெண்டு வார்த்தை."

"ரெண்டா?" என்று கவலைப்பட்டான். முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஏன் முடியாது என்று நான் கேட்பேன், அதற்கு வேறு அவன் பேச வேண்டியிருக்கும். ஆகவே ஒப்புக்கொண்டான்.

அதன் பிறகு தினமும் காலையில் பல் துலக்கும் இடத்தில் வந்து நிற்பான். "எல்லாரும் உனக்குத்தான் போடுவாங்க. நான் எதுக்குடா? வாபஸ் வாங்கிடறேனே" என்பான். பேச்சு நாளுக்கு முதல் நாள் வரை வாபஸ் வாங்கலாம் என்பது விதி. அவன் விலகினால் என் பேச்சும் விலகிவிடும். அதனால் அவனுக்குத் தெம்பூட்டுவதற்காக நானே சுவரொட்டி எழுதி ஒட்டினேன். "பேச மாட்டார். செய்வார்." அது இவ்வளவு பிடித்துப்போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நூலகப் படிக்கட்டில் முன்பின் தெரியாத பெண்கள்கூட அவனுக்கு வணக்கம் சொன்னார்கள். அவன் பயந்துபோய் அறையை விட்டு வெளியே வருவதையே நிறுத்தினான். ஆனாலும் வாபஸ் பேச்சு மட்டும் நிற்கவில்லை. தோற்றுவிடுவோம் என்று அவனுக்கு அவ்வளவு நிச்சயம்.

அப்படியானால் என்னைக் கொஞ்சம் இறக்க வேண்டும். "ஸ்பூன் திருடனுக்கா உங்கள் ஓட்டு?" என்று கேட்டு, கீழே என் முகத்தையும் வரைந்து ஒட்டினேன். ஆமாம் ஐயா, அதுவும் நான்தான். முதலில் ஒட்டியதில் மூக்கு சரியாக வரவில்லை. கிழித்துவிட்டு வேறு வரைந்தேன். அவதூறு என்றாலும் லட்சணமாக இருக்க வேண்டாமா?

யாரும் நம்பவில்லை. உணவகத்துக்குப் போனால் டப்பா நிறைய ஸ்பூன்கள் பளபளவென்று நிற்கின்றன, பிறகு எப்படி நம்புவார்கள்? அதை விட மோசம், பஞ்சு அந்தச் சுவரொட்டியைக் கிழித்துக்கொண்டு என்னிடமே ஓடி வந்தான். "யார்ரா இப்படி எழுதினது? பாவம்டா நீ. நான் விலகிக்கிறேன், நீயே ஜெயிச்சுக்கோ" என்றான். அவன் மனசு அப்படி.

பொய்யான சுவரொட்டி ஒட்டுவது தப்பு. அதனால் அதை உண்மையாக்கினேன்.

மத்தியானம் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு, கேன்டீன் மாஸ்டர் பின்கட்டில் பாத்திரம் கழுவப் போகிற நேரம் எனக்குத் தெரியும். அக்கா வாங்கித் தந்த துணிப்பெட்டியில் ஸ்பூன்களை அடுக்கினேன். சத்தம் வராமல் இருக்க நடுநடுவே என் பனியன்களை வைத்தேன். வெளியே வரும்போது மாஸ்டரே கதவைப் பிடித்துக்கொண்டார். "ஊருக்காப்பா? பத்திரமா போயிட்டு வா" என்றார். நல்ல மனிதர். மறுநாள் காலியான டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "இத்தனை வருஷத்துல ஒரு ஸ்பூன் போனதில்லையே" என்று அவர் அழுததைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவர் அழுது முடிக்கவில்லை. நான் குறுக்கிடவில்லை.

அந்த வாரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பேனா மூடியால் டீ கலக்கினார்கள். கணக்குத்துறை ஆட்கள் காம்பஸால் கலக்கினார்கள். ஒரே பென்சிலால் கலக்கிக்கொண்டு காதலில் விழுந்தவர்களும் உண்டு. தலைவர் ஐயா ஆய்வுக்கு மண் எடுக்கிற சின்னக் கரண்டியைத் துடைத்துச் சூப் குடித்தார். பல்லில் மணல் கடிபட்டதாகச் சொன்னார். மன்னிக்க வேண்டும்.

ஆனால் ஒரு நல்லது நடந்தது. பஞ்சு டீயில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக் குடிக்கிறவன். ஸ்பூன் போனதோடு சர்க்கரை அடியில் தங்கிவிட்டது. முதல் முறையாக அவன் முகத்தில் ஒரு கோபத்தைப் பார்த்தேன். பல் துலக்கும் இடத்தில் வந்து நின்று, "வாபஸ் இல்ல" என்றான். எனக்கு உயிர் வந்தது.

பேச்சு நாள். ஸ்பூன் விவகாரத்தால் அரங்கம் நிரம்பி வழிந்தது. பஞ்சுவை முதலில் கூப்பிட்டார்கள். ஒலிபெருக்கியைத் தன் உயரத்துக்கு இறக்கினான். பிறகு, "டீ கலக்க முடியல" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தான். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன், நல்ல பேச்சுத்தான்.

அடுத்து நான். "அன்புள்ள நண்பர்களே" என்றேன். பின்வரிசையில் ஒருவன் "ஸ்பூன்" என்றான். நூலகர் ஐயா விதிப்படி அவனை வெளியேற்றினார். மறுபடி "அன்புள்ள" என்றேன். இரண்டு பேர் "ஸ்பூன்" என்றார்கள். அவர்களையும் வெளியேற்றினார். இப்படியே போனது. வெளியே போனால் உணவகம் பக்கம் என்பதால் போவதில் யாருக்கும் வருத்தமில்லை. வரிசை வரிசையாகச் சொல்லிவிட்டு வரிசை வரிசையாகப் போனார்கள். கடைசியில் அரங்கத்தில் நூலகர் ஐயா, பஞ்சு, நான், நாற்காலிகள். "அன்புள்ள" என்றேன். பஞ்சு தும்மினான். நூலகர் ஐயா கறாரானவர், அவனையும் வெளியே அனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பி, "இப்ப தாராளமா பேசுப்பா" என்றவர், கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அடடா, நேரம் முடிஞ்சுதே" என்றார்.

பஞ்சு ஜெயித்தான். என் ஓட்டையும் அவனுக்குத்தான் போட்டேன். ஸ்பூன் திருடனுக்கு ஓட்டுப் போட எனக்கு மனசு வரவில்லை.

இத்தோடு விட்டிருக்கலாம் என்கிறீர்கள். விட்டிருப்பேன் ஐயா. ஆனால் தேர்தல் விதிகளை எடுத்துவிட்டு அதே பலகையில் விசாரணை விதிகளை ஒட்டியிருந்தார்கள். சாட்சியை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம். இப்போது நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களே, அப்படி. ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்குத் தண்டனை சொல்வதற்கு முன்னால், தன் தரப்பைப் பேசி முடிக்க முழு உரிமை உண்டு. அவர் முடிக்கும் வரை யாரும் குறுக்கிடக் கூடாது. கூடவே இன்னொரு வரியும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

விசாரணை வேண்டுமென்றால் புகார் வேண்டும். என் மேல் நானே புகார் கொடுத்துப் பார்த்தேன். காப்பாளர் அம்மா நம்பவில்லை. "தோத்த வருத்தம் அப்படித்தான் பேச வைக்கும். போய்ப் படுத்துத் தூங்குப்பா" என்றார். அதனால் பெட்டியிலிருந்த ஸ்பூன்களைப் பஞ்சுவின் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். பெயர் போடாமல் ஒரு புகாரும் எழுதிப் போட்டேன். பனியன்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பஞ்சு வாயைத் திறக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். "நான் எடுக்கல" என்று அவன் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்து, எனக்கு இந்த அறை கிடைத்திருக்காது. அவன் சொல்லவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் திருடன் என்றார்கள். மாஸ்டர் அவனுக்கு டீ தர மறுத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் அழுவது எனக்குக் கேட்டது. அழுகைகூட மெதுவாகத்தான் அழுகிறான். தாங்க முடியாமல் எழுந்து போய், பேச்சை இன்னொரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஆக, ஸ்பூனை எடுத்தது நான். சுவரொட்டி நான். புகார் நான். பஞ்சு எதுவும் செய்யவில்லை. அவனை விட்டுவிடுங்கள். இதைச் சொல்வதற்குத்தான் வந்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஜனநாயகத்துக்காகச் செய்தேன் என்பதையும் சேர்த்துக்கொண்டால் நல்லது.

நூலகர் ஐயா எழுந்திருக்கிறார். உட்காருங்கள் ஐயா. நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். இனி நான் சாட்சி இல்லை.

அந்த இன்னொரு வரி இதுதான்: ஒப்புக்கொண்டவர் பேசும்போது பெற்றோர் உடனிருந்து கேட்க வேண்டும். நீங்கள் சிரமப்பட வேண்டாம், நேற்றே வரச் சொல்லிவிட்டேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அக்காவும் வந்திருக்கிறாள். காவலாளியோடு யாரோ சத்தமாகப் பேசுவது கேட்கிறதே, அது அப்பா.

அவர்களை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிடுங்கள். பஞ்சு விரும்பினால் இருக்கட்டும், தும்மல் வந்தாலும் பரவாயில்லை. ஒலிபெருக்கி வேண்டாம், நான்கு சுவருக்குள்தானே. உணவகத்துக்காக எழுதிய பேச்சுத்தான், ஒரு வார்த்தையும் மாற்றவில்லை.

அப்பாவிடம் மட்டும் முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுங்கள். நடுவில் நான் மூச்சு வாங்குவேன். முடித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.