ஒரே எண்ணில் இரண்டு படங்கள்

எதையும் கண்ணால் பார்த்துச் செய்தால்தான் எனக்குத் திருப்தி, ஐயா. கொஞ்சம் மெதுவான ஆள். மருத்துவமனையில் என் வேலை சின்னது: இரண்டு ஸ்கேன் அறைகளிலும் எடுத்த படங்களை, மாலையில் அறுவை சிகிச்சை டாக்டரின் கம்ப்யூட்டருக்கு நகலெடுத்து வைப்பது. திரையில் இரண்டு ஃபோல்டர்களைப் பக்கத்துப் பக்கத்தில் திறந்து, ஒவ்வொரு படமாக மவுஸால் இழுத்துப் போடுவேன். படத்துக்குப் பெயர் நோயாளியின் எண்தான்; அதே எண்ணில் அங்கே ஏற்கெனவே ஒரு படம் இருந்தால், கம்ப்யூட்டர் நின்று கேட்கும்: பழையதை அழித்துவிடட்டுமா? மரியாதை தெரிந்த ஏற்பாடு.

பிறகு எங்கள் பிரிவுக்குத் தலைவியாக ஒரு பெண் வந்தாள். வேகத்தைப் பார்த்து எல்லோரும் மின்னல் என்றார்கள். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரிக் கட்டளை தட்டுவாள். அத்தனை படங்களும் போய்ச் சேர்ந்துவிடும்.

"என்ன சார், இன்னும் எலி வாலைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருக்கீங்க? ஒத்தாசைக்குப் பூனையை அனுப்பட்டுமா?" என்றாள் ஒருநாள், டாக்டர்கள் முன்னால்.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"உங்க கட்டளை எதையும் கேக்காம அழிச்சிடுமேம்மா?"

"ரெண்டு ரூமுக்கும் நம்பர் வரிசை வேற வேற. மோதவே மோதாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

சொன்னது நான்தான். மறுவாரம் என் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். என்னை விசாரணை ஜன்னலில் உட்கார வைத்தார்கள்.

அங்கேதான் அந்தப் பள்ளி வேன் ஓட்டுநரின் மனைவியைப் பார்த்தேன். ஓட்டுநருக்கு இடது சிறுநீரகத்தில் கட்டி.

"அண்ணே, ஒண்ணை எடுத்தாலும் இன்னொண்ணை வெச்சு நல்லா இருப்பாராமே?"

"நல்லா இருப்பாரும்மா. பயப்படாதீங்க."

அதே நாள் இரண்டாம் அறையில் வேறொருவருக்கு ஸ்கேன். அவருக்கு வலது பக்கம் கட்டி. மாலையில் பார்த்தால் இருவர் படங்களும் ஒரே எண்ணில். மின்னல் கட்டளையைத் தட்டினாள். முதல் அறைப் படங்கள் போயின. பின்னாலேயே இரண்டாம் அறைப் படங்கள். ஓட்டுநரின் படம் இருந்த இடத்தில் மற்றவர் படம் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டது. டாக்டர் எண்ணைப் பார்த்துத் திறந்தார். மூலையில் பொடி எழுத்தில் இருந்த நோயாளி பெயரை அவர் படிக்கவில்லை. ஓட்டுநரின் நல்ல சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்.

ஓட்டுநர் பிழைக்கவில்லை. மின்னலை வேலையைவிட்டு நீக்கினார்கள்.

"நம்பர் எப்படி சார் மோதும்?" என்று என்னிடம் அழுதாள். தண்ணீர் கொடுத்தேன்.

மோதாதுதான். என் பழைய பாஸ்வேர்டை யாரும் மாற்றியிருக்கவில்லை; அதை வைத்து உள்ளே போய், இரண்டாம் அறைப் படத்தின் எண்ணை அழித்துவிட்டு, ஓட்டுநரின் எண்ணைப் போட்டது நான். எந்தப் பக்கம் யாருக்குக் கட்டி என்று படங்களைத் திறந்து பார்த்து, நிதானமாகத்தான் செய்தேன்.

கேட்காமல் செய்வது ஆபத்து என்று அவளுக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான். ஓட்டுநர்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது; அவர் வீட்டுக்குப் போய்த் துக்கம்கூட விசாரித்தேன். யாருக்கும் கெடுதல் நினைக்காதவன் நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.