சலவைக்கூடத்தில் கிடைத்த கட்டுரை

தலைமை இருக்கைக்குத் தகுதியால் பெருமை சேர்க்கும் நூலகர் அம்மையார் அவர்களே! முன்வரிசையில் முகமலர்ந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளுக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நிற்கும் தாய்மார்களே! பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கும் போட்டியாளர்களே! உங்கள் அனைவருக்கும் இந்தத் தையல்காரனின் வணக்கம்.

கட்டுரைப் போட்டி தொடங்க இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது. அதற்குள் எனக்கு ஒரு சந்தேகம். எழுதும் முன் எண்ணம் எங்கே இருக்கிறது? ஏட்டிலா? எழுதுகோலிலா? மேலே சுற்றும் மின்விசிறியிலா? எல்லோரும் அதைத்தானே அண்ணாந்து பார்க்கிறீர்கள்!

என் அண்ணி மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பதினோரு ஆண்டுகள் படுக்கைவிரிப்பு துவைத்தவர். மேற்பார்வையாளர் பதவிக்குத் ‘தூய்மை’ பற்றிக் கட்டுரை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ‘சுத்தம் சோறு போடும்’ என்று தொடங்கினார். சோறு போடும் சுத்தம் மதிப்பெண் போடவில்லை! அடுத்த ஆண்டு மீண்டும் அதே தலைப்பு. என் கடையில் வெட்டுமேசை ஓரம் வந்து உட்கார்ந்தார்.

“தலைக்குள்ள ஒண்ணுமே இல்ல தம்பி.”

“எழுதவே வேணாம் அண்ணி. விரிப்புக்குள்ள என்னென்ன கிடைக்கும்? அத மட்டும் சொல்லுங்க.”

கட்டுரைக்காகக் கேட்கவில்லை, ஐயா. தெரிந்துகொள்ளும் ஆசை! துணிக்காரனுக்குத் துணி மேல்தானே கண்?

“என்ன கிடைக்கும்... பல்செட்டு. மூக்குக்கண்ணாடி. ஒத்தக் காலு சாக்ஸ்.”

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். “அப்புறம்?” என்றேன்.

“ஊசி” என்றார்.

என் கத்திரி நின்றது.

“மருந்து ஏத்துற ஊசிதான். மாசத்துக்கு நாலஞ்சு வரும். போன மாசம் கூட வேல பாக்குற அக்கா விரல்ல ஏறிடுச்சு. ரத்தப் பரிசோதனை இன்னும் முடியல. புள்ளைய தூக்கவே பயப்படுறாங்க.”

“இத ஏன் அண்ணி எழுதல?”

“இதெல்லாம் கட்டுரையா தம்பி?”

அந்தக் கேள்வியை அவரே திரும்பக் கேட்டுப் பார்த்தார் போலும். நான் அளவு குறிக்க மேசைமேல் வைத்திருந்த காகிதத்தை எடுத்துக்கொண்டார். ஊசி எந்த வார்டிலிருந்து வருகிறது? விரிப்பை மாற்றுவது யார்? அவர்கள் ஏன் உதறுவதில்லை? வரிசை பார்க்கவில்லை, வடிவம் பார்க்கவில்லை, வந்ததையெல்லாம் கொட்டினார். காகிதம் நிறைந்தது. பிறகு ஒவ்வொன்றாக அடித்தார். பல்செட்டு போயிற்று, பழமொழி போயிற்று, ஊசி நின்றது!

கட்டுரையைப் படித்த அதிகாரி அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

“இது நிஜமாம்மா?”

“கீழ வந்து பாருங்க சார்.”

வந்தார். அவர் கண்ணெதிரே ஒரு விரிப்பிலிருந்து ஊசி விழுந்தது. ஒரே வாரத்தில் வார்டுதோறும் பயன்படுத்திய ஊசிகளைப் போட்டுவைக்கக் கெட்டி மூடியுள்ள பெட்டி வந்தது. அண்ணிக்குப் பதவியும் வந்தது. அந்த அக்காவின் இரத்தத்தில் குறையில்லை என்ற முடிவும் வந்தது.

கைதட்டலைச் சற்று நிறுத்துங்கள், முடித்துவிடுகிறேன். போட்டியாளர்களே! முதல் பத்து நிமிடம் கட்டுரை எழுதாதீர்கள். கேள்வி எழுதுங்கள். கண்டதை எழுதுங்கள், காதில் விழுந்ததை எழுதுங்கள், கோபம் வந்ததை எழுதுங்கள், புரியாததை எழுதுங்கள்! ‘இதெல்லாம் கட்டுரையா?’ என்று எதைப் பார்த்துக் கை தயங்குகிறதோ, அங்கே நில்லுங்கள். உங்களைத் தவிர வேறு எவரும் எழுத முடியாத வரி அங்கேதான் இருக்கிறது!

பொறுமையோடு செவிகொடுத்த அவைக்கு நன்றி. எழுதப்போகும் கைகளுக்கு என் வாழ்த்து. வணக்கம்!