பித்தளையில் எட்டுப் பேர்

...வானத்து நட்சத்திரத்தை அளந்தது யாரு? நம்ம ஆளு! வைத்தியத்தை உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு? நம்ம ஆளு! மேடையில இதைச் சொன்னதும் உங்க கைதட்டல்ல பந்தலே அதிருது. சந்தோஷம்... ஆனா அந்தச் சந்தோஷத்தைக் கொஞ்சம் ஓரமா வச்சுட்டு ஒரு குட்டிக் கதை கேட்கிறீங்களா? கேட்டா உங்களுக்கு என் மேல கோபம் வரும். வரட்டும்.

ஒரு கடற்கரை ஊரு. நம்ம ஜனங்க ஊருதான். அங்க ஹபீப் லெப்பைன்னு ஒரு டாக்டர். வயசான காலத்துல மனுஷனுக்குப் பழைய படம் சேர்க்கிற ஆசை வந்துருச்சு. என்ன படம்? நம்ம முஸ்லிம் அறிஞர்களோட படம். அந்தக் காலத்துல ஐரோப்பாவுல அச்சடிச்சது. அச்சுல கருப்புக் கோடு மட்டும்தான் விழும். அப்புறம் ஒவ்வொரு தாளுக்கும் கையாலயே வர்ணம் தீட்டுவாங்க... தலைப்பாகைக்கு ஒரு பச்சை, அங்கிக்கு ஒரு சிவப்பு. அப்படி எட்டுப் படம் வச்சிருந்தார்.

அவரோட ஒரே மக ருகையா, கட்டிக் கொடுத்து மலேசியாவுல இருக்கா. அவகிட்ட போன்ல சொல்லுவாராம்... "ருகையாம்மா, நம்ம பழைய வைத்திய மேதை இப்னு ஸீனா படத்துக்கு முன்னாடி உக்காந்துதான் காலையில தேத்தண்ணி குடிக்கிறேன். நீ வந்ததும் முதல்ல அவரைத்தான் காட்டுவேன்!" வந்தாளா? வர முடியல. அதுக்குள்ள அவளைப் பெத்த வாப்பா மௌத்தாகிக் கண்ணை மூடிட்டார்.

அந்த எட்டுப் படத்தையும் ஊரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துடச் சொல்லிட்டா அந்தப் புள்ள. கமிட்டி கூடுச்சு. மார்க்கப்படி உருவப்படம் மாட்டலாமா கூடாதான்னு ஒரு வாரம் சண்டை. சரி, நூலகத்துல மட்டும் மாட்டலாம்னு முடிவாச்சு. கண்ணாடிச் சட்டம் யாரு போடுறது? எட்டுக் குடும்பம் போட்டி போட்டுக்கிட்டு வந்துச்சு. ஆனா ஒண்ணு... படத்துக்குக் கீழ அவங்க குடும்பத்துப் பேரு பித்தளையில பளிச்சுன்னு இருக்கணும்!

சட்டம் போடுறவர் வந்து கேட்டார்: "பாய், பித்தளை வைக்க இடம் பத்தலையே. தாளோட கீழ் ஓரத்துல ஏதோ பொடி எழுத்து இருக்கு. என்ன செய்ய?"

கமிட்டித் தலைவர், ஊருக்கே அண்ணன் மாதிரி இருக்கிற நெய்னா காக்கா, என்ன சொன்னார் தெரியுமா? "அது என்னமோ வெளிநாட்டு எழுத்து. எவன் படிக்கப் போறான்? வெட்டிரு!"

வெட்டிட்டாங்க... எட்டையும்.

திறப்பு விழா அன்னைக்கு மலேசியாவுல இருந்து ருகையா வந்துட்டா. நூலகம் நிறைய கூட்டம். அவ நேரா தலைவர்கிட்ட போனா. "காக்கா, இதுல இப்னு ஸீனா எது? வாப்பா காட்டுறேன்னு சொன்னாங்க."

நெய்னா காக்கா குனிஞ்சு படிக்கிறார். முதல் படம்... "மர்ஹூம் அசனா மரைக்காயர் நினைவாக." அடுத்தது... "ஹாஜி சீனித்தம்பி குடும்பத்தார்." மூணாவது... அவரோட சொந்த வாப்பா பேரு! சட்டம் போட்டு மாட்டுன நம்ம பேரெல்லாம் இருக்கு. படத்துல இருக்கிறவங்க பேரு ஒண்ணு கூட இல்ல.

முகத்தைப் பார்த்துச் சொல்லலாமேங்கிறீங்களா? எட்டும் தாடி. எட்டும் தலைப்பாகை. எட்டுப் பேர் கையிலயும் கிதாபு, அதான் புத்தகம். கமிட்டிச் செயலாளர் அவசர அவசரமா செல்போன்ல தேடுறார். ஒரு இடத்துல இப்னு ஸீனாவுக்கு வெள்ளைத் தாடி, இன்னொரு இடத்துல கருப்புத் தாடி! ஏன்? வரைஞ்சவன் அவரைப் பார்த்தானா? அவர் போய்ப் பல நூறு வருஷம் கழிச்சு வரைஞ்சது. முகம் பூரா கற்பனைய்யா! அந்தத் தாள்ல நிஜமா இருந்தது கீழ பொடி எழுத்துல இருந்த அந்தப் பேரு ஒண்ணுதான்... அதைத்தான் வெட்டி எறிஞ்சாச்சு.

"வெட்டின துண்டாவது இருக்குமா காக்கா?"

சட்டம் போட்டவருக்குப் போன் போட்டுக் கேட்டாங்க. "அதை அன்னைக்கே பெருக்கித் தள்ளிட்டேனே பாய்..."

ருகையா கத்தியிருந்தா நெய்னா காக்கா தாங்கியிருப்பார். அவ கத்தல. "பரவாயில்ல காக்கா. வாப்பா எதுக்கு முன்னாடி உக்காந்திருந்தாங்கன்னு தெரியல... நான் எட்டுக்கு முன்னாடியும் கொஞ்ச நேரம் உக்காந்துக்கிறேன்." ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டா. உக்காந்தா. எந்திரிச்சா. நாற்காலியை இழுத்துக்கிட்டு அடுத்த படம்... அதுக்கு அடுத்த படம்... அத்தனை கூட்டமும் நின்னு பார்க்குது. மூணாவது படத்துல நெய்னா காக்காவோட வாப்பா பேரு மின்னுது. அதைப் பார்க்க அவருக்கே கூசிப் போச்சு.

என்ன, எல்லாரும் நெய்னா காக்காவைத் திட்டுறீங்களா மனசுக்குள்ள? அவர் ஒருத்தர்தான் வெட்டினாரா? சரி, நான் கேட்கிறேன். இப்னு ஸீனா எழுதின ஒரு கிதாபு பேரை யாராவது எழுந்து சொல்லுங்க. முன் வரிசை... நிர்வாகிகள்... பெண்கள் பக்கம் யாராவது...

...

இந்த அமைதி இருக்கே, இதுக்குப் பேரு வெட்கம். நல்லா வெட்கப்படுங்க, தப்பில்ல. அவங்களை வச்சு நாம பெருமை பேசினோமே தவிர, அவங்களைப் படிக்கல. அவங்க பேரு இருந்த இடத்துல நம்ம பேரை வச்சுக்கிட்டோம். நாளைக்கு உங்க புள்ள ஒரு படத்தைக் காட்டி, "இவர் யாரு வாப்பா?"ன்னு கேட்கும். அப்போ "நம்ம ஆளு"ன்னு மட்டும் சொல்லித் தப்பிச்சுடாதீங்க. "எனக்குத் தெரியாதும்மா"ன்னு உண்மையைச் சொல்லுங்க. சொல்லிட்டு, அந்தப் புள்ளகூட சேர்ந்து அவங்க எழுதினதை நீங்களும் முதல் பக்கத்துல இருந்து படிங்க.