அடிபம்பு வற்றிய காரணம்

பெரிய மார்க்கெட்டிலிருந்து லாஸ்பேட்டை போகிற பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர். ஒருவர் அறிவியல் டீச்சர்.

“எங்க அடிபம்புல தண்ணியே வரல டீச்சர். கழட்டி மாட்டுறேன்னு எங்க வீட்டுக்காரருதான் கெடுத்துட்டாரு. தினம் திட்டுறேன்.”

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அவரத் திட்டாத செல்வி. பம்பு நல்லாத்தான் இருக்கு. நாங்க ஆழமா போர் போட்டோம்ல, அதுதான் உங்க தண்ணியையும் சேத்து இழுத்துடுச்சு. பிள்ளைங்களுக்கு இதத்தான் பாடம் நடத்துறேன்.”

“தெரிஞ்சேவா போட்டீங்க?”

“தெரிஞ்சேதான்.”

செல்வி காய்கறிக் கூடையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“நேத்து நான் பேசின பேச்சுல அவரு சாப்பிடாமயே வேலைக்குப் போயிட்டாரு டீச்சர்,” என்றாள்.